லண்டன்காரருக்கு ஒரு பூசை

நான் லண்டனுக்குப் போனதில்லை. ஆனால் ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, ஒரு இணைய மன்றத்தில், லண்டனில் வேலை பார்க்கும் மென்பொருள் பொறியாளராக ஒரு வருடத்துக்கு மேல் எழுதிவந்தேன். அந்தப் பெயரில் நான் எழுதியவை எல்லாம் ஒரே ஒரு மனிதருடைய வேலையைப் பற்றியவை. அவர் என் நண்பர். ஞாயிற்றுக்கிழமை அவர் ஊற்றிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து அவருக்கு எதிராக எழுதினேன்.

அவரை நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குக் காய்கறி, கோழி, கயிறு, பெயின்ட் என்று கேட்டதை எல்லாம் ஏற்றிவிடும் தொழில். ஒரு கப்பலின் ரேடியோ ஆபீசர் ஊருக்குப் போகும் அவசரத்தில் விட்டுப்போன சின்னக் கம்ப்யூட்டர் ஒன்று அவர் கைக்கு வந்தது. டிவியில் மாட்டினால் நீலத் திரை வரும். அதில் பேசிக் என்ற நிரல் மொழியில் நான்கு வரி எழுதினால் அது சொன்னதைச் செய்யும். அன்று பிடித்த பைத்தியம் அவரை விடவில்லை. கடற்கரைச் சாலைப் பக்கம் அவருடைய ஆபீசின் மாடியில், புதுக் கயிற்றின் வாடைக்கும் பெயின்ட் டப்பாக்களுக்கும் நடுவில், எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நடக்கும். அவர் மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து வருவார். நான் எங்கள் சபை ஆராதனை முடிந்து வருவேன். பெண்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் ஒருவரும், கன்டெய்னர் கிடங்கில் மென்பொருள் வேலை பார்க்கும் ஒருவரும் வருவார்கள். நாங்கள் நான்கு பேர்தான்.

பேச்சு முழுக்க நிரல் மொழிகளைப் பற்றித்தான். வெளியாள் கேட்டால் சொத்துத் தகராறு என்று நினைப்பார்.

"இடைவெளி விட்டதுக்கெல்லாம் கோவிச்சுக்கிடுத மொழி ஒரு மொழியாவே?" என்பார் அண்ணாச்சி. பைத்தானைத்தான் சொல்கிறார்.

"உங்களுக்குச் சரியா இடம்விட்டு எழுத சோம்பல், அண்ணாச்சி. அதுக்கு மொழி என்ன பண்ணும்?" என்பார் டீச்சர்.

"எல்லாத்தையும் தூக்கிப் போடுங்க. இனிமே ஜாவாஸ்கிரிப்ட்தான். உலகமே பிரவுசருக்குள்ள வந்துட்டு" என்பார் கிடங்குக்காரர்.

"ஏலே, நீ போன வருசம் வேற ஒண்ணச் சொன்ன. அதுக்கு முந்துன வருசம் இன்னொண்ணு. நீ மொழி படிக்கியா, சட்டை மாத்துதியா?"

நான் கல்லூரியில் இயற்பியல் வாத்தியார். எங்கள் மாவட்டத்து நாசரேத்தில் மூன்று தலைமுறையாக ஆசிரியர்களாக இருந்த குடும்பம். அடுத்தவருடைய தவற்றில் சிவப்புக் கோடு போடுவது எங்கள் வீட்டில் சாப்பாடு மாதிரி. ஆனால் அந்த மாடியில் நான் அதிகம் பேசமாட்டேன். அண்ணாச்சி தன் கையால் டீ ஊற்றி, "புரொபசரே, நீரு சொல்லும் வேய்" என்பார். அப்படிக் கேட்பவரிடம் குறை சொல்ல வாய் வராது. பெரியவர், வீட்டுக்காரர், டீ கொடுத்தவர். தலையாட்டிவிட்டு ரஸ்க்கை நனைத்துச் சாப்பிடுவேன்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணாச்சி தமிழிலேயே ஒரு நிரல் மொழி செய்தார். ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்னது நினைவிருக்கிறது: "இங்கிலீஷ்ல இஃப்புன்னு எழுதும்போது எனக்கு நாடகத்துல வேசம் கட்டுன மாதிரி இருக்குவே. நான் யோசிக்கிறது தமிழ்ல. கை மட்டும் ஏன் வேற ஊருக்குப் போவணும்?" அவருடைய மொழியில் நிபந்தனை முதலில் வரும், கட்டளை கடைசியில் வரும், நாம் பேசுகிற மாதிரி. வயது பதினெட்டைவிடக் கூடுதல் ஆனால் 'வாங்க' என்று எழுது. இந்த வரியைத் தட்டியவுடன் திரையில் 'வாங்க' என்று வந்தது. டீச்சர் கைதட்டினார். எனக்கும் உடம்பு சிலிர்த்தது. அதே நொடியில் எரிச்சலும் வந்தது. கல்லூரியில் இத்தனை வருடம் கம்ப்யூட்டர் பேப்பரும் சேர்த்து நடத்தியவன் நான். எனக்கு இது தோன்றவில்லையே என்ற எரிச்சல்.

இப்போதைய வாசகர்களுக்கு இணைய மன்றம் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியிருக்கும். ஒருவர் ஒரு பக்கத்தில் ஒரு பேச்சைத் தொடங்குவார். மற்றவர்கள் அதன் கீழே ஒவ்வொருவராக எழுதுவார்கள். ஒவ்வொருவரும் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர். படம் கிடையாது, போன் நம்பரை யாரும் கேட்கமாட்டார்கள். டெலிபோன் லைனில் பக்கம் மெதுவாக மேலிருந்து கீழே விரியும். அதனால் எழுதியதை எல்லோரும் கடைசிவரை வாசித்தார்கள். தமிழில் கம்ப்யூட்டர் பற்றிப் பேசும் அப்படி ஒரு மன்றத்தில் அண்ணாச்சி தன் மொழியை அறிமுகப்படுத்தினார். வந்த பதில்கள் எல்லாம் 'வாழ்த்துகள்', 'தொடருங்கள்' என்றுதான் இருந்தன. ஒருவர்கூட அதை ஓட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நான் ஓட்டிப் பார்த்தேன். குறைகள் இருந்தன. அவற்றை மாடியில் சொல்ல முடியாதவன், மன்றத்தில் புதுப் பெயர் ஒன்றைப் பதிந்தேன். ஊர் என்ற கட்டத்தில் ஏதாவது போட வேண்டும். லண்டன் என்று போட்டேன். முதல் பதிவு நேர்மையானது. எங்கே தடுமாறுகிறது, ஏன் தடுமாறுகிறது என்று வரிசையாக எழுதியிருந்தேன். கிண்டல் ஏதும் இல்லை. அதை என் பெயரிலேயே எழுதியிருக்கலாம் என்பதை அப்போது நான் யோசிக்கவே இல்லை.

அடுத்த ஞாயிறு நான் மாடிப்படியில் ஏறும்போதே அண்ணாச்சி எதிரே வந்தார்.

"லண்டன்லேர்ந்து ஒருத்தரு எழுதிருக்காரு வேய்! என் மொழிய முழுசா ஓட்டிப் பாத்துருக்காரு. எத்தன தப்பு கண்டுபிடிச்சிருக்காரு தெரியுமா? பெரிய மூள!"

அங்கே சிரித்துக்கொண்டே, "அது நான்தான் அண்ணாச்சி" என்று சொல்லியிருந்தால் அவரும் சிரித்து, முதுகில் ஒரு அடி போட்டிருப்பார். விஷயம் அதோடு முடிந்திருக்கும். நான் சொல்லவில்லை. பெரிய மூளை என்று அவர் சொன்னது எனக்கு இனித்தது. இன்னும் கொஞ்ச நாள் அதைக் கேட்க ஆசைப்பட்டேன்.

பிறகு லண்டன்காரருக்கு நாக்கு நீண்டது. மன்றத்தில் மற்றவர்கள் அவருடைய பதிவுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார்கள். சிரிப்பு மூட்டினால் இன்னும் அதிகம் பேர் வாசித்தார்கள். வாக்கியத்தின் கடைசியில் வரும் கட்டளையைத் தேடித் தேடிக் கம்ப்யூட்டர் பஸ்ஸைத் தவறவிட்டுவிடும் என்று ஒருமுறை எழுதினேன். அதைப் பலர் எடுத்துப் போட்டுச் சிரித்தார்கள். அண்ணாச்சியும் மாடியில் அதை வாசித்துக் காட்டிச் சிரித்தார். ஆனால் சிரித்து முடித்தபின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

டீச்சர் மட்டும், "இவர் எந்த ஊர்க்காரரா இருந்தாலும் சரி, எழுத்துல வாத்தியார் வாசனை அடிக்கி" என்றார். நான் டீயைப் பார்த்துக்கொண்டேன்.

இனிமேல் சொல்வதுதான் எனக்குக் கஷ்டமானது. அண்ணாச்சிக்கு எழுத்துத் தமிழ் சரளமாக வராது. லண்டன்காரருக்கு மரியாதையாகப் பதில் எழுத வேண்டும் என்று என்னைக் கேட்டார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிக் கொடுத்தேன். பல இடங்களில் அவர் சொல்லாததையும் எழுதினேன். வீட்டுக்கு வந்து, நானே எழுதிய பதிலை எதிர்த்து நானே எழுதினேன். இரண்டு பக்கமும் என் கைதான். எந்த இடத்தில் அடித்தால் வலிக்கும் என்று எனக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்?

ஒரு விஷயத்தில் அதற்கும் மேலே போனேன். நிரலில் ஒரு செயல் சில சமயம் தன்னைத்தானே அழைக்க வேண்டியிருக்கும். அப்படி அழைக்கும்போது அண்ணாச்சியின் மொழி முன்பு வைத்திருந்த மதிப்புகளை மறந்துவிடும். லண்டன்காரர் இதைக் கேட்டிருந்தார். அண்ணாச்சி என்னிடம், "ஒவ்வொரு தடவ கூப்பிடும்போதும் அதுக்குன்னு தனியா ஒரு அறை குடுத்துட்டா என்னவே? ஓட்டல்ல ரூம் குடுத்த மாதிரி. வேல முடிஞ்சதும் சாவிய வாங்கிக்கிடலாம்" என்றார். அதுதான் சரியான வழி. உலகத்தில் எல்லா மொழிகளும் ஏறக்குறைய அப்படித்தான் செய்கின்றன. அது எனக்குத் தெரியும். நான் சொன்னேன்: "அது ரொம்பச் சிக்கலாயிரும் அண்ணாச்சி. பழகுறவங்களுக்கு இந்த வசதியே தேவையில்லன்னு எழுதிருவோம்." அவர் என்னை நம்பி ஒத்துக்கொண்டார். அப்படியே எழுதிக் கொடுத்தேன். அன்று சாயங்காலமே லண்டன்காரர் அந்தப் பதிலைக் கிழித்துத் தோரணம் கட்டினார். ஓட்டை எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், வைத்ததே அவர்தானே.

கொஞ்ச நாளில் அண்ணாச்சி தன் மொழியை மூட்டை கட்டி வைத்துவிட்டார். "அவரு சொல்லுததுல நியாயம் இருக்கு. நமக்கு இவ்வளவுதான் வரும்" என்றார். கோபம் இல்லாமல் சொன்னார். அதன்பின் எனக்கு எழுத ஒன்றும் இல்லாமல் போயிற்று. லண்டன்காரரும் நின்றுவிட்டார்.

மன்றங்களும் பிறகு ஒவ்வொன்றாக அடங்கின. ஆட்கள் வலைப்பூவுக்குப் போனார்கள், அங்கிருந்து முகநூலுக்கு, பிறகு வாட்ஸாப்புக்கு. முகமூடிப் பெயர்கள் போய் சொந்தப் பெயரும் படமும் வந்தன. அப்போது நான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டது உண்டு: அந்த மன்றத்தின் அமைப்பு அப்படி, மறைவில் நின்று பேசும் இடம் கிடைத்தால் மனுசன் அப்படித்தான் பேசுவான் என்று. பிறகு பார்த்தால், பேரக் குழந்தையை மடியில் வைத்திருக்கும் படத்தோடு, சொந்தப் பெயரில், என்னைவிட மோசமாக எழுதுகிறார்கள். அந்தச் சமாதானமும் போயிற்று. மறைவிடம் எனக்குக் கதவைத் திறந்துவிட்டிருக்கலாம். உள்ளே போனது நான்.

எங்கள் கூட்டம் மட்டும் தொடர்ந்தது. கிடங்குக்காரருக்குத் தலை நரைத்தது. டீச்சர் ஓய்வு பெற்றார். அண்ணாச்சி தொழிலை மகளிடம் கொடுத்துவிட்டு மாடியை மட்டும் தனக்கென்று வைத்துக்கொண்டார்.

போன வருடம் மழைக்காலத்துக்கு முன்பு அவருக்குக் கண் மங்க ஆரம்பித்தது. விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவருகிறது, இனி எழுத்துகளைப் பார்ப்பது நாளுக்கு நாள் கஷ்டமாகும் என்று திருநெல்வேலியில் டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறே அவர் பழைய மூட்டையைப் பிரித்தார்.

"பார்வ இருக்கும்போதே இத முடிச்சு எல்லாரும் எடுத்துக்கிடுத மாதிரி வெளிய போட்டுறணும்" என்றார். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்கு எவ்வளவு காலம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

கிடங்குக்காரர், "இனிமே எந்த மொழிக்கும் வேலையே இல்ல அண்ணாச்சி. பேசுற தமிழ்ல சொன்னா ஏஐயே நிரல் எழுதித் தருது" என்றார். தன் போனைத் திறந்து, அண்ணாச்சியின் நிரலை அப்படியே அதற்குள் போட்டு, இது எப்படி இருக்கிறது என்று கேட்டார். மிக அருமையான முயற்சி என்று நீளமாகப் பதில் வந்தது. அண்ணாச்சி வேண்டுமென்றே ஒரு வரியைக் கெடுத்து மறுபடி போடச் சொன்னார். அதுவும் அருமைதான்.

"இதென்னலே, கல்யாண வீட்டு வாசல்ல நிக்குத ஆளு மாதிரி வாரவன் போறவன எல்லாம் கும்பிடுது. கடுமையா சொல்லச் சொல்லு."

கடுமையாகச் சொல்லச் சொன்னதும் அது கடுமையாகச் சொன்னது. அதற்கு அண்ணாச்சி சார்பில் பதில் எழுதச் சொன்னதும் பணிவாக அதையும் எழுதியது. பிறகு அந்தப் பதிலையும் அதுவே மறுத்தது. கிடங்குக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. "இதுக்கு நம்ம மேல அக்கறையும் கெடையாது, கோவமும் கெடையாது. லண்டன்காரரு மாதிரி ஒருத்தரு வேணும். அந்த மனுசன் திட்டுனாலும் முழுசா வாசிச்சுட்டுத் திட்டுனாரு. அவரு ஒருதரம் பாத்து சரின்னு சொல்லாம நான் இத வெளிய விடமாட்டேன்" என்றார்.

எல்லோருமாகத் தேடினார்கள். மன்றமே இல்லை, ஆளை எங்கே தேடுவது? கிடங்குக்காரர் வெளிநாட்டில் இருக்கும் தமிழ்க் குழுக்களில் எல்லாம் கேட்டு எழுதினார். நானும் தேடுவதாகச் சொன்னேன். வாரங்கள் போயின. அண்ணாச்சி திரையில் எழுத்தைப் பெரிதாக்கி, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிவைத்து ஓரக்கண்ணால் வாசிக்கப் பழகிக்கொண்டிருந்தார். மொழி ஏறக்குறைய தயாராக இருந்தது. அந்த ஒரு ஆளின் சம்மதத்துக்காக நின்றது.

ஒரு சாயங்காலம் நான் புதிதாக ஒரு மின்னஞ்சல் முகவரி உண்டாக்கி, லண்டன்காரராக எழுத உட்கார்ந்தேன். நலம், வயதாகிவிட்டது, உங்கள் மொழியைப் பார்த்தேன், வெளியிடுங்கள். இதில் யாருக்கு நஷ்டம்? அவர் கேட்ட வார்த்தை அவருக்குக் கிடைக்கும், மொழி வெளியே வரும். பாதிவரை எழுதினேன். நடுவில் ஒரு வாக்கியம் வந்து விழுந்தது. லண்டன் மழையைப் பற்றி, பழைய கிண்டல் தொனியில். வாசித்துப் பார்த்து நானே சிரித்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துத்தான் பயந்தேன். எழுதியதை அழித்துவிட்டேன்.

நவம்பர் பிறந்தது. கத்தோலிக்கர்களுக்கு அது இறந்தவர்களின் மாதம். கல்லறைகளை வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். இறந்த உறவினர் பெயரைக் கோயில் ஆபீசில் எழுதிக் கொடுத்தால், பூசைக்கு முன் அதைச் சத்தமாக வாசித்து, அவர்களுக்காக அந்தப் பூசையை ஒப்புக்கொடுப்பார்கள்.

"இவ்வளவு தேடியும் கிடைக்கலன்னா அவரு போய்ச் சேந்திருப்பாரு அண்ணாச்சி. அப்பவே வயசான ஆளாத்தான இருந்திருக்கணும்" என்றார் டீச்சர், போகிற போக்கில்.

அண்ணாச்சி சிலுவை போட்டுக்கொண்டார். "நானும் அதத்தான் நெனச்சேன். அந்த ஆத்துமாவுக்கு ஒரு பூச வச்சிட்டு, பெறகு வெளியிட்டுருதேன். வேற வழியில்ல" என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் அவர் கோயில் ஆபீசுக்குப் போகப்போகிறார் என்று தெரிந்து முன்னதாகவே மாடிக்குப் போனேன். மழை பெய்துகொண்டிருந்தது. அவர் குடையோடு படியிறங்கத் தயாராக இருந்தார்.

"அண்ணாச்சி, பூசை வேண்டாம்."

"ஏன், உம்ம சபைல செத்தவங்களுக்கு ஜெபம் பண்ணக்கூடாதுங்கதுக்காகவா? வைக்கது நான்தானவே. உம்ம யாரு முழங்கால் போடச் சொன்னா?"

"அவர் சாகல."

அவருடைய முகத்தில் ஏற்பட்ட மலர்ச்சியை என்னால் மறக்க முடியாது. "பதில் வந்துட்டா? என்ன சொல்லுதாரு?"

"லண்டன்ல யாரும் இல்ல. அது நான்தான் அண்ணாச்சி. எழுதுனது எல்லாம் நான்."

முதலில் சிரித்தார். "நல்ல ஆளுவே நீரு" என்றார். பிறகு, சரியாகப் பார்க்க முடியாத கண்ணால் என் முகத்தை ஒரு பக்கமாகத் திரும்பிப் பார்த்தார். குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கீழே லாரியில் உருளைக்கிழங்கு மூட்டைகள் இறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அப்பம் நம்ம ரெண்டு பேரும் இங்கன உக்காந்து எழுதுன பதிலு?"

"அதுவும் நான் எழுதினதுதான்."

"எனக்கு எழுதிக் குடுத்ததும் நீரு. அதுக்குத் திருப்பிப் போட்டதும் நீரு."

"ஆமா."

"அப்பம் அங்கன நான் இல்லவே இல்ல."

அவர் யோசித்துக்கொண்டே இருந்தார். நிரலில் பிழை எங்கே என்று தேடும்போது எப்படி இருப்பாரோ, அப்படியே இருந்தார்.

"அந்த அறை குடுக்கிற விசயம். நான் சொன்னது சரியா, தப்பா?"

"சரிதான்."

"உமக்கு அப்பமே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் வேண்டாம்னீரு."

"ஆமா அண்ணாச்சி."

திட்டியதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. பஸ் கிண்டலைப் பற்றியும் கேட்கவில்லை. இந்த ஒன்றைத்தான் கேட்டார். பிறகு எழுந்து குடையை எடுத்துக்கொண்டார்.

"நான் கெளம்புதேன் சார். ஆபீச மூடிருவாங்க. நீங்க மழ விட்ட பெறகு போங்க."

முப்பது வருடத்துக்கு மேலாக அவர் என்னை சார் என்றோ நீங்க என்றோ சொன்னதில்லை.

"பூசைக்கா அண்ணாச்சி? அதான் அப்படி ஒரு ஆளே…"

"இருந்தாரு. எனக்கு இருந்தாரு. இன்னைக்குத்தான் செத்தாரு. செத்தவங்களுக்குத்தான பூச வைப்பாங்க" என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைத் தடவிக்கொண்டே இறங்கிப் போனார்.

அந்த வாரம் நடந்த பூசைக்கு நான் போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். எப்போது எழுந்து நிற்பது, எப்போது முழங்காலிடுவது என்று பக்கத்திலிருந்தவரைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். இறந்தவர்களின் பெயர்களை வாசித்து வந்த குரல், நடுவில், "லண்டனில் வாழ்ந்த ஒரு நண்பரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று வாசித்து, அடுத்த பெயருக்குப் போயிற்று. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முன்வரிசையில் அண்ணாச்சியின் தலை குனிந்தே இருந்தது. வெட்கத்தை எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன், அது இருந்தது. கூடவே, நான் எதிர்பார்க்காத துக்கமும் இருந்தது. அந்த லண்டன்காரன் சரியான விஷயங்களைப் பயப்படாமல் சொல்லக்கூடியவன். அவனை நான் என் சொந்தப் பெயரில் வாழ விடவில்லை.

மற்ற இருவரிடமும் நானே சொன்னேன். கிடங்குக்காரர் நம்பாமல் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். டீச்சர், "எனக்கு அப்பவே சந்தேகந்தான் சார்" என்றார்.

"பிறகு ஏன் கேக்கல?"

"நீங்களே சொல்லிருவீங்கன்னு பாத்தேன். இத்தன வருசம் எடுப்பீங்கன்னு யாரு கண்டா?"

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அதற்குமேல் நான் போகவில்லை. யாரும் வர வேண்டாம் என்று சொல்லவில்லை; வாங்க என்றும் சொல்லவில்லை. கிறிஸ்துமஸ் போயிற்று, பொங்கல் போயிற்று. மாசி மாதத்தில் ஒருநாள் டீச்சர் ஒரு இணைப்பை அனுப்பினார். உலகத்தில் உள்ளவர்கள் தங்கள் நிரல்களைப் பொதுவில் வைக்கும் தளத்தில் அண்ணாச்சியின் மொழி இருந்தது. யாருடைய சம்மதத்தையும் கேட்காமல் வெளியிட்டிருந்தார். அறிமுகத்தில் நன்றி என்று யார் பெயரும் இல்லை. லண்டன்காரரும் இல்லை, நானும் இல்லை.

அதை என் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொண்டு, தன்னைத்தானே அழைக்கும் செயல் ஒன்றை முதலில் எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு அழைப்புக்கும் தனி அறை கொடுத்திருந்தார். பிசகாமல் ஓடியது. இருபது வருடத்துக்கு முன்பே இது இப்படி ஓடியிருக்கும்.

அந்த வாரம் முழுக்க அதை வைத்து எழுதிப் பார்த்ததில் ஒரு பிழை கண்ணில் பட்டது. காலியாக இருக்கும் பட்டியலில் கடைசிப் பொருள் எது என்று கேட்டால் நிரல் அப்படியே நின்றுவிடுகிறது. அந்தத் தளத்தில் பிழைகளைத் தெரிவிக்க ஒரு பக்கம் உண்டு. யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். அதில் என் முழுப் பெயரையும் ஊர் தூத்துக்குடி என்பதையும் போட்டு, என்ன செய்தால் நிற்கிறது என்று எழுதினேன். மறுநாள் அண்ணாச்சியிடமிருந்து பதில் வந்தது. "பார்த்தேன். சரிசெய்துவிட்டேன். வேறு ஏதாவது இருந்தாலும் இங்கேயே எழுதவும்."

இன்றைக்கு இன்னொன்றைக் கண்டுபிடித்தேன். மிக நீளமான எண்களைப் பெருக்கும்போது விடையின் கடைசி இலக்கங்கள் மாறிவிடுகின்றன. எழுதி முடித்து, அனுப்புவதற்கு முன் ஒருமுறை வாசித்தேன். நடுவில் ஒரு வாக்கியம் கொஞ்சம் சாமர்த்தியமாக வந்திருந்தது. அதை எடுத்துவிட்டு அனுப்பினேன்.